எல்லாம் நன்மைக்கா?

"எல்லாம் நன்மைக்கே" என்று சொல்லாத வீடு நம்மிடையே இல்லை. நேர்காணலுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பிய இளைஞனிடம் சொல்கிறோம். விரும்பிய படிப்பில் இடம் கிடைக்காமல் வேறொன்றில் சேர்ந்த பெண்ணிடம் சொல்கிறோம். துக்க வீட்டின் திண்ணையிலும் தயங்காமல் சொல்லிவிட்டு எழுந்து வருகிறோம். பெரும்பாலும் அது அன்பினால் பிறக்கும் சொல்தான். வேறு சொல் அகப்படாத வேளையில் வாயும் கையும் வெறுமையாக நிற்கலாகாதே என்று எடுத்துச் செல்லும் சொல். ஆனால் ஒருவர் பட்ட துன்பம் தானாக நேர்ந்ததன்று, பிற மனிதர் தெரிந்தே இழைத்த அநீதி என்றாகும்போது அச்சொல்லின் பொருள் மாறிவிடுகிறது. அப்போது அது யாருக்கு ஆறுதல்? பட்டவருக்கா, இழைத்தவருக்கா?

இக்கேள்வியை ஓர் இசைக் கலைஞரின் வாழ்வை முன்வைத்துச் சிந்திக்க விழைகிறோம். அவர் பெயர் மில்ட் ஹின்டன். அமெரிக்க ஜாஸ் இசையில் டபுள் பேஸ் என்னும் கருவியை எழுபது ஆண்டுக் காலம் வாசித்தவர். 1910 ஜூன் 23 அன்று பிறந்து, 2000 டிசம்பர் 19 அன்று தம் 90ஆம் வயதில் மறைந்தவர். நம் வாசகருள் பலர் இப்பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அதில் வியப்பில்லை, பேஸ் வாசிப்பவரின் பெயரை எவரும் கேட்பதில்லை. பாடகரைக் கேட்கிறோம், குழலூதுபவரை நிமிர்ந்து பார்க்கிறோம். பின்வரிசையில், ஆளுயரத்துக்கும் மேலான ஒரு மரக்கூட்டை அணைத்தபடி நான்கு தடித்த நரம்புகளை மீட்டிக்கொண்டிருப்பவரை மறந்துவிடுகிறோம்.

நம் கச்சேரி மேடையின் தம்புராவோடு அவரை ஒப்பிடத் தோன்றலாம். முழுதும் பொருந்தாது. தம்புரா ஓரிடத்தில் நிலைத்து நின்று சுருதி தருகிறது. பேஸோ நடக்கிறது. பாட்டின் சுரக்கோவைகள் மாறும்போதெல்லாம் அடுத்த கோவைக்கு வழி காட்டிக்கொண்டு முன்னே செல்கிறது. தாளத்தையும் தானே தாங்குகிறது. அது ஓரடி தவறினால் மேலே பாடுபவர் தடுமாறுவார். கேட்பவருக்கோ ஏன் தடுமாறினார் என்பது தெரியாது. சரியாக வாசித்தால் ஒருவரும் கவனிப்பதில்லை, தவறினால்தான் கவனிக்கிறார்கள். இத்தகைய வேலைகள் உலகில் இசைக்கு வெளியேயும் எத்தனையோ உண்டு.

ஹின்டன் விரும்பித் தேர்ந்த கருவி இதுவன்று என்பதிலிருந்துதான் நம் கேள்வி பிறக்கிறது.

மிசிசிப்பி மாநிலத்து விக்ஸ்பர்க் நகரில் பிறந்தவர் அவர். பாட்டி அடிமையாகப் பிறந்தவர். தந்தை, மகன் கைக்குழந்தையாக இருக்கும்போதே பிரிந்து போனார். ஏறத்தாழ எட்டு வயதில், கறுப்பின மனிதர் ஒருவரை வெள்ளையர் கூட்டம் கொன்று தூக்கிலிட்டிருந்த காட்சியைச் சிறுவன் கண்ணாரக் கண்டான். குடும்பம் வடக்கே சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தது; அந்நாளில் தெற்கிலிருந்து பெருந்திரளாக வெளியேறிய கறுப்பின மக்கள் நடந்த அதே தடம். இசை அறிந்தவரான தாய், மகனின் 13ஆம் பிறந்த நாளுக்கு ஒரு வயலின் வாங்கிக் கொடுத்தார்.

சிறுவன் அதில் ஆழ்ந்தான். முறையாகக் கற்றான், இசைக்குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கப் பழகினான். எதிரே ஒரு வழியும் தெரிந்தது. ஊமைப்படக் காலம் அது. சிகாகோவின் தென்பகுதியில், கறுப்பின மக்கள் வாழ்ந்த இடங்களில், பெரிய திரையரங்குகள் தமக்கென இசைக்குழு வைத்திருந்தன. வென்டோம் அரங்கில் எர்ஸ்கின் டேட் என்பாரின் இசைக்குழு புகழ்பெற்றிருந்தது. இளைஞரான லூயி ஆம்ஸ்ட்ராங்கும் அதில் வாசித்தார். வயலின் கற்ற ஒரு கறுப்பின இளைஞனுக்கு மதிப்பான பிழைப்பு அத்தகைய அரங்குகளில் கிடைத்தது. நாட்டின் பெரிய சிம்பொனி இசைக்குழுக்களோ அவனைக் கனவு காணவும் விடவில்லை. அங்கே கறுப்பருக்கு இருக்கை இல்லை.

1927இல் பேசும் படம் வந்தது. சில ஆண்டுகளில் திரையரங்கு இசைக்குழுக்கள் கலைந்தன. வெள்ளை இன வயலின் கலைஞருக்கும் இது அடிதான். ஆனால் அவருக்குச் சிம்பொனி இருந்தது, பிற மேடைகள் இருந்தன. கறுப்பினக் கலைஞருக்கு மிஞ்சியவை நடன அரங்குகளும் இரவு விடுதிகளும். அங்கே வயலினுக்கு அவ்வளவு தேவை இல்லை, பேஸுக்கு இருந்தது. ஹின்டன் மெல்ல மெல்லப் பேஸுக்கு மாறினார்.

அக்காலத்து இன்னொரு விந்தையையும் சொல்லிவிடுவோம். மதுவிலக்கு நடப்பிலிருந்த அந்நாட்களில், இளைஞர் ஹின்டன் கள்ளச் சாராயம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் செய்தார். அதில் நேர்ந்த மோட்டார் விபத்தில் அவருடைய வலக்கை விரல் ஒன்று ஏறக்குறைய அறுந்து தொங்கியது. வெட்டி எடுத்துவிட மருத்துவர் முனைந்தபோது, கூடாது என்று ஆணையிட்டுத் தடுத்தவர், சிகாகோவையே நடுங்கவைத்த அல் கபோன்! ஹின்டனே பலமுறை சொன்ன செய்தி இது. அந்த விரலால்தான் பிற்பாடு எழுபது ஆண்டு நரம்பு மீட்டினார். நன்மை எந்த வாயில் வழியாகவும் வந்துவிடக்கூடும். அதற்காக வாயிற்காவலரைப் புனிதராக்கிவிட முடியாது.

1930களின் தொடக்கத்தில் ஹின்டன் எடி சவுத் என்னும் வயலின் கலைஞரோடு வாசித்தார். சவுத் மேலைச் செவ்வியல் இசையில் தேர்ந்தவர். புடாபெஸ்ட் வரை சென்று பயின்றவர். சிம்பொனி மேடைக்கு எல்லாத் தகுதியும் உடையவர், நிறத்தைத் தவிர. வயலினைக் கைவிடாமல் விடுதிகளிலும் சிறு குழுக்களிலும் வாசித்தே வாழ்ந்து 1962இல் மறைந்தார். அறிந்தவர்கள் போற்றினார்கள், அறிந்தவர்களோ சிலர். வயலினைக் கீழே வைத்தவர் ஒருவர், வைக்க மறுத்தவர் ஒருவர். இருவரும் ஒரே மேடையில் சில ஆண்டுகள் நின்றார்கள் என்பதை எண்ணும்போது நம் மனம் அங்கேயே சற்று நின்றுவிடுகிறது.

1936இல் ஹின்டன் கேப் காலோவேயின் இசைக்குழுவில் சேர்ந்தார். நாட்டிலேயே பெரும்புகழ் பெற்றிருந்த கறுப்பின இசைக்குழுக்களுள் ஒன்று அது. 1951 வரை பதினைந்து ஆண்டுகள் அதில் இருந்தார். 1939இல் அக்குழு பதிவு செய்த 'ப்ளக்கின் த பேஸ்' என்னும் இசைத்தட்டில் பேஸே முன்னே நின்றது. அரிய பெருமை அது. அதே ஆண்டு குழுவில் சேர்ந்த இளைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியும் இவரும் நிகழ்ச்சி இடைவேளைகளில் மொட்டை மாடிக்கு ஏறிப் புதிய சுரக்கோவைகளைப் பழகினார்கள். பிற்பாடு ஜாஸ் இசையின் போக்கையே மாற்றியவர் கில்லெஸ்பி. அவ்வளவு பெரிய கருவியை மாடிப்படி வழியே தூக்கிக்கொண்டு ஏறியவரின் ஆர்வத்தையும் நாம் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

காலோவேயின் குழு தனி ரயில் பெட்டி அமர்த்திப் பயணம் செய்தது. ஆடம்பரத்துக்காக மட்டுமன்று. தென் மாநிலங்களில் கறுப்பருக்குத் தங்க விடுதி கிடைக்காது, உண்ண உணவகம் கிடைக்காது. மாலையில் ஆயிரம் பேர் கைதட்டிய கலைஞர்கள், இரவில் தம் பெட்டிக்குத் திரும்பித்தான் உறங்க வேண்டியிருந்தது.

குழு கலைந்தபின் ஹின்டனுக்குக் கடினமான காலம். பெரிய இசைக்குழுக்களின் யுகமே முடிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் நியூயார்க் தெருவில் ஒருநாள், பழைய நாட்களில் அறிமுகமாகியிருந்த நகைச்சுவை நடிகர் ஜாக்கி கிளீசனைத் தற்செயலாகச் சந்தித்தார். கிளீசன் அப்போது தொலைக்காட்சியில் பெரும்புள்ளி. தம் பெயரில் இசைத்தட்டுகளும் வெளியிட்டுக்கொண்டிருந்தார். ஹின்டன் வேலையின்றி இருப்பதை அறிந்ததும், அடுத்த ஒலிப்பதிவில் இவரைச் சேருங்கள் என்று தம் உதவியாளரிடம் சொல்லிவிட்டார். வெள்ளையரே நிறைந்திருந்த ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் அவர் நுழைந்தது அப்படித்தான். எல்லாருக்கும் அது உவப்பாக இல்லை. ஆனால் இசைக்குறிப்பு முன்னே வைக்கப்பட்டதும் ஐயங்கள் அடங்கின.

ஏன் அடங்கின என்பதுதான் நமக்கு முக்கியம். ஒலிப்பதிவுக் கூடத்தில் நேரம் பணம். காலையில் விளம்பரப் பாட்டு, பிற்பகலில் நாற்பது பேர் கொண்ட நரம்பிசைக் குழு, இரவில் ஜாஸ். குறிப்பைக் கண்டதும் பிழையின்றி வாசிக்க வேண்டும். வில்லால் இழைக்கவும் வேண்டும், விரலால் மீட்டவும் வேண்டும். ஜாஸ் பேஸ் கலைஞர்களுள் பலர் காதால் கற்றவர்கள். விரலில் வல்லவர்கள், வில்லில் அவ்வளவாக அல்லர். ஹின்டனோ வில் பிடித்து வளர்ந்தவர். சிறுவயதில் கற்ற வயலின் இப்போது கைகொடுத்தது. பில்லி ஹாலிடே, கோல்மன் ஹாக்கின்ஸ், பென்னி குட்மன், அரீத்தா பிராங்கிளின், பிங் கிராஸ்பி என்று இசைவகைகளின் எல்லைகளையெல்லாம் கடந்து அவருடைய பேஸ் ஒலித்தது. இடையே லூயி ஆம்ஸ்ட்ராங்கின் குழுவோடும் பயணம் செய்தார். ஜாஸ் வரலாற்றில் மிகுதியான ஒலிப்பதிவுகளில் இடம்பெற்றோருள் ஒருவர் என்று அவரைச் சொல்வார்கள்.

இவ்விடத்தில்தான் நம் நாவில் அச்சொல் வந்து நிற்கிறது. பாருங்கள், எல்லாம் நன்மைக்கே! வயலினுக்குக் கதவு அடைத்திராவிட்டால் இந்தப் பேஸ் கலைஞர் கிடைத்திருப்பாரா? சிம்பொனி மேடையின் ஏதோ ஒரு வரிசையில் பெயர் தெரியாத வயலின்காரராக ஓய்வு பெற்றிருப்பாரே! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆயினும் இந்த வாதத்தை நம்மால் ஏற்க இயலவில்லை.

முதலாவதாக, அது கணக்கில் நேர்மையற்றது. பயன் விளைந்த ஒருவரை மட்டும் எண்ணுகிறது. ஜேம்ஸ் ஜேமர்சனை நினைத்துப் பாருங்கள். 1936இல் தென் கரோலினாவில் பிறந்து, 1954இல் டெட்ராய்ட் வந்து, 1960களில் மோட்டவுன் நிறுவனத்தின் இசைத்தட்டுகளில் பேஸ் வாசித்தவர். வலக்கையின் ஒரே ஒரு விரலால் மீட்டியவர். உலகமே ஆடிப்பாடிய அப்பாடல்களின் அடியில் ஓடியது அவர் இசை. தட்டின் உறையில் அவர் பெயர் இல்லை. 1971இல் மார்வின் கேயின் இசைத்தொகுப்பில்தான் பெயர் அச்சானது. மறு ஆண்டு நிறுவனம் லாஸ் ஏஞ்சலிஸுக்கு இடம் மாறியது; சிறிது காலத்தில் தொடர்பும் அறுந்தது. 1983இல் நிறுவனத்தின் 25ஆம் ஆண்டு விழா பெருஞ்சிறப்பாக நடந்தபோது, அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு பார்வையாளரோடு பார்வையாளராகப் பின்னே அமர்ந்திருந்தார் ஜேமர்சன். அதே ஆண்டு ஆகஸ்டில், மதுவும் நோயும் அரித்து, 47 வயதில் மறைந்தார். 2000ஆம் ஆண்டு ராக் இசைப் பெருமக்கள் மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. கேட்க அவர் இல்லை. ஹின்டனிடம் இருந்த திறமையும் பொறுமையும் இவரிடமும் இருந்தன. தெருவில் எதிர்ப்பட ஒரு கிளீசன்தான் இல்லை. எல்லாம் நன்மைக்கே என்பது விதியென்றால் இவருக்கும் செல்ல வேண்டும். செல்லவில்லை.

இரண்டாவது, அடைபட்ட கதவு தானாகத் திறப்பதும் இல்லை. ஹின்டனுக்கு 27 ஆண்டுகள் இளையவரான ரான் கார்ட்டரின் கதையைக் கேளுங்கள். பத்து வயதில் செல்லோ கற்கத் தொடங்கியவர். டெட்ராய்ட் உயர்நிலைப் பள்ளியில், செல்லோ வாசிக்கும் வாய்ப்புகள் வெள்ளை மாணவருக்கே போவதைக் கண்டு பேஸுக்கு மாறினார். ராச்செஸ்டரின் ஈஸ்ட்மன் இசைக் கல்லூரியில் படித்து 1959இல் பட்டம் பெற்றார். அங்கே இவருடைய வாசிப்பைக் கேட்டு மெச்சிய லியோபோல்ட் ஸ்டொகோவ்ஸ்கி, தாம் அப்போது நடத்திவந்த ஹூஸ்டன் சிம்பொனியின் ஆட்சிக்குழு கறுப்பர் ஒருவரை ஏற்க ஆயத்தமாக இல்லை என்று சொன்னதாகக் கார்ட்டர் நினைவுகூர்ந்திருக்கிறார். 1963இல் மைல்ஸ் டேவிஸின் குழுவில் சேர்ந்து, 2015இல் 2,221 ஒலிப்பதிவுகளுக்காகக் கின்னஸ் புத்தகத்தில் ஏறினார். இதையும் நன்மைக்கே என்போமா? ஹின்டனின் கதை அழகாக முடிந்துகொண்டிருந்த அதே பத்தாண்டில் அதே அநீதி, அடுத்த இளைஞனின் முன்னே மறுபடி நின்றது. முன்னவரின் வெற்றியைக் காட்டிப் பின்னவரின் இழப்பை நியாயப்படுத்த ஆள் இருந்தால், கதவைத் திறக்க யாருக்கு அவசரம்?

தொடக்க நூலில் யோசேப்பின் வரலாறு நம் வாசகர் அறிந்ததே. தனக்கு இழைக்கப்பட்ட தீமையைக் கடவுள் நன்மையாக மாற்றினார் என்று யோசேப்பு சொல்கிறார். எவ்வளவோ மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். ஆனால் அதைச் சொல்பவர் யார் என்பதைக் கவனித்திருக்கிறோமா? குழியில் தள்ளப்பட்டவர் சொல்கிறார். தள்ளிய சகோதரர் அதே சொல்லைச் சொல்லியிருந்தால் அது விசுவாச அறிக்கை ஆகியிராது, கைகழுவல் ஆகியிருக்கும். பட்டவர் வாயில் அருளாக இருக்கும் சொல், பார்த்து நின்றவர் வாயில் சாக்காகிவிடுகிறது. அப்படியாயின், பார்த்து நிற்பவரான நமக்கு எஞ்சியிருப்பது என்ன? பட்டவர் தம் வாழ்வைக் கொண்டு என்ன செய்தார் என்று உற்று நோக்குவது.

ஹின்டன் என்ன செய்தார்? படம் எடுத்தார்.

1935இல் அவருடைய 25ஆம் பிறந்த நாளுக்கு ஒரு கேமரா பரிசாக வந்தது. அன்று தொட்டு இசைக்கருவியோடு அதுவும் உடன் சென்றது. ரயில் பெட்டியில் வாய் திறந்து உறங்கும் கலைஞர், மேடைக்குப் பின்னே சீட்டாடுபவர், ஒலிப்பதிவின் இடையே களைத்து அமர்ந்தவர் என்று எடுத்துக்கொண்டே இருந்தார். ஏறத்தாழ 60,000 படங்கள் சேர்ந்தன. பத்திரிகையாளர் எடுத்த படங்களில் கலைஞர்கள் பல் தெரியச் சிரிப்பார்கள். இவருடைய படங்களில் தம் வீட்டாரின் முன் இருப்பதுபோல் இருக்கிறார்கள். 1959 மார்ச்சில் பில்லி ஹாலிடேயின் கடைசி ஒலிப்பதிவில் இவர் எடுத்த படங்களைப் பார்த்தவர் எளிதில் மறக்க மாட்டார். நான்கு மாதங்களில் அம்மையார் இறந்தார்.

அதே கேமரா இன்னொன்றையும் எடுத்தது. 1940இல் அட்லான்டா ரயில் நிலையத்தில், கறுப்பருக்கான வாயில் என்று எழுதிய பலகையின் கீழே, நேர்த்தியாக உடுத்திய காலோவே குழுவினர் நிற்கிறார்கள். ஹின்டன் அப்பலகையைச் சட்டத்துக்கு வெளியே தள்ளவில்லை. நட்ட நடுவே வைத்தார். 1988இல் வெளியான தம் நூலிலும், தாம் சிறுவயதில் கண்ட கொலைக் காட்சியை மறைக்காமல் எழுதினார். எல்லாரோடும் இசைந்து வாசித்தவர்தாம். எதையும் நடவாததுபோல் காட்டியவரல்லர். இசைந்துபோகிறவன் முதுகெலும்பற்றவன் என்று எண்ணுவோர் இதைக் கருதிப் பார்க்க வேண்டும்.

1958 ஆகஸ்டில் ஹார்லெமின் ஒரு வீட்டு வாயிலில் 57 ஜாஸ் கலைஞர்களை நிறுத்தி ஆர்ட் கேன் எடுத்த புகைப்படம் உலகப் புகழ் பெற்றது. அதில் ஹின்டனும் நிற்கிறார். அன்றும் தம் கேமராவைக் கொண்டுவந்திருந்தார். மனைவி மோனாவிடம் ஒரு சிறு படச்சுருள் கேமராவைக் கொடுத்து ஓட்டச் சொன்னார். 36 ஆண்டுகளுக்குப் பின் ஜீன் பாக் அந்த நாளைப் பற்றி ஆவணப்படம் எடுத்தபோது, இவர்கள் வைத்திருந்த படங்களும் சுருளும்தாம் அதற்கு உயிர் தந்தன. வரிசையில் நிற்கச் சொல்லியும் கேளாமல் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும் அப்பெருங்கலைஞர்களை அதில் காணலாம்.

1970களில் நியூயார்க்கின் ஹன்டர், பரூக் கல்லூரிகளில் அவர் ஜாஸ் கற்பித்தார். 1980இல் அவருடைய 70ஆம் பிறந்த நாளை ஒட்டி, பேஸ் பயிலும் இளைஞருக்கென அவர் பெயரில் ஓர் உதவித்தொகை நிதி தொடங்கப்பட்டது. நிறத்தால் அடைபட்ட வழியைக் கண்டவர் பெயரில் ஒரு வழி.

1988 ஜனவரியில் பிரான்போர்ட் மார்சலிஸ் என்னும் சாக்ஸபோன் கலைஞர் ஓர் இசைத்தொகுப்பைப் பதிவு செய்தார். அவருக்கு வயது 27. பெரும்பாலான உருப்படிகளில் பின்னே நின்று பேஸ் வாசித்தவருக்கு வயது 77. இளைஞர் முன்னே வாசித்துக்கொண்டு போகப் போக, முதியவரின் விரல்கள் அடுத்த சுரக்கோவைக்கு ஓரடி முன்னதாகவே சென்று காத்திருப்பதை அந்த இசைத்தட்டில் கேட்கலாம்.